எதுல ஆரம்பிக்கிறது மாமா?

போன ஞாயித்துக்கிழமை காலை ஆறரை மணி. மனுஷன் வாரத்துல நிம்மதியா தூங்குற ஒரே நாள். போன் அலறுது. பார்த்தா, ஆவடியில இருக்கிற அக்கா பையன். பூந்தமல்லி பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ்ல ரெண்டாம் வருஷம் படிக்கிறான். அந்த நேரத்துல போன் வந்தா வீட்டுல யாருக்கோ உடம்பு சரியில்லைனுதானே தோணும்? பதறிப் போய் எடுத்தேன்.

"மாமா, பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா எதுல ஆரம்பிக்கிறது?"

வந்த கோபத்துக்கு போனைத் தூக்கிப் போட்டிருக்கணும். போடலை. ஏன்னா, இந்தக் கேம் வரிசை விவகாரத்துல எனக்கு ஒரு பழைய கடன் இருக்கு. ரெண்டாவது பாகத்துல ஆரம்பிச்சு, அரைகுறையா முடிச்சு, எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசி, ஒரு நல்ல நண்பனை ஆறு வருஷம் தொலைச்சவன் நான். அந்தக் கதை கொஞ்சம் பின்னாடி வருது. முதல்ல பையனைக் கவனிப்போம்.

செமஸ்டர் முடிஞ்சு பதினாறு நாள் லீவாம். ஏதோ தள்ளுபடியில நாலு கேமையும் மொத்தமா வாங்கிட்டானாம். ஒரு பேப்பர்ல வரிசையும் எழுதி வெச்சிருக்கான். வாட்ஸ்அப்ல அனுப்பினான். முதல்ல சேண்ட்ஸ் ஆஃப் டைம். ரெண்டாவது ஃபர்காட்டன் சேண்ட்ஸ். மூணாவது வாரியர் விதின். நாலாவது டூ த்ரோன்ஸ்.

"கதை நடக்கிற வரிசைப்படி போட்டிருக்கேன் மாமா. கரெக்ட்தானே?"

கணக்கு கரெக்ட்தான். விடைதான் தப்பு!

நாலு கேம், ரெண்டு வரிசை

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. சேண்ட்ஸ் ஆஃப் டைம் 2003-ல வந்தது. வாரியர் விதின் 2004. டூ த்ரோன்ஸ் 2005. மூணும் யுபிசாஃப்ட் கம்பெனியோட மாண்ட்ரியல் ஸ்டூடியோ முன்னாடி நின்னு செஞ்சது. ஒரே இளவரசன், ஒரே கதை, மூணு பாகம். கதை முடிஞ்சுபோச்சு, சுபம் போட்டாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு.

அஞ்சு வருஷம் கழிச்சு, 2010 மே மாசம் ஹாலிவுட்ல இதைப் படமா எடுத்து ரிலீஸ் பண்ணாங்க. அந்தச் சூட்டோட ஒரு புது கேம் விட்டாங்க. அதுதான் ஃபர்காட்டன் சேண்ட்ஸ். முடிஞ்ச கதைக்குப் பின்னாடி போக முடியாது இல்லையா? அதனால, முதல் பாகத்துக்கும் ரெண்டாம் பாகத்துக்கும் நடுவுல இருக்கிற ஏழு வருஷ இடைவெளியில ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துட்டாங்க. வந்தது நாலாவது. நடக்கிறது ரெண்டாவது. அங்கதான் குழப்பம்.

"அப்போ கதை வரிசைதானே மாமா நியாயம்? அண்ணன் பொறந்தப்புறம்தானே தம்பி?"

நியாயமான கேள்வி. ஆனா இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு பதில் இருக்கு. கல்கி முதல்ல எழுதினது பார்த்திபன் கனவு. அது தொடரா வந்தது 1941-லிருந்து 1943 வரை. அப்புறம்தான் சிவகாமியின் சபதம், 1944-ல ஆரம்பிச்சது. ஆனா கதைப்படி பார்த்தா, சிவகாமியின் சபதம் முன்னாடி நடக்குது. பார்த்திபன் கனவு அதுக்குப் பின்னாடி, நரசிம்ம பல்லவருக்கு வயசான காலத்துல. சரித்திர வரிசைப்படி படிக்கிறேன்னு சிவகாமியை முதல்ல முடிச்சுட்டு பார்த்திபனுக்கு வந்தா என்ன ஆகும்? பார்த்திபன் கனவுல ஒரு சாமியார் வருவார். அவர் யாருன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டுப் படிக்கிறதுதான் அந்தப் புத்தகத்தோட பாதி சுகம். சக்கரவர்த்தியோட நல்லா பழகிட்டு வந்தவனுக்கு அந்தச் சுகம் சீக்கிரமே கரைஞ்சு போயிடும். எழுதினவர் உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு ஒரு கணக்கு வெச்சுத்தான் எழுதுறார். அந்தக் கணக்கு, புத்தகம் வந்த வரிசையில இருக்கு. கதையில வர்ற வருஷத்துல இல்லை.

கேமுக்கும் அதே கணக்குதான் பாஸ்!

முதல் காட்சியைப் பத்திரமா வெச்சுக்க

சேண்ட்ஸ் ஆஃப் டைம் எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா? இளவரசன் ராத்திரியில ஒரு மாளிகைக்குள்ள நுழையுறான். யாருக்கோ கதை சொல்ல ஆரம்பிக்கிறான். யாருக்குச் சொல்றான், ஏன் சொல்றான்னு கடைசி வரைக்கும் தெரியாது. நாம ஆடுற மொத்த ஆட்டமும் அவன் சொல்ற கதைதான். நாம தவறி விழுந்து செத்தா, கதை சொல்றவனே குறுக்கிட்டு, தப்பா சொல்லிட்டேன்னு திருத்திக்குவான். கேம் ஓவரையே கதைக்குள்ள கொண்டு வந்த புண்ணியவான்கள்!

கதை நடக்கத் தொடங்குறது எங்கன்னு நினைக்கிறீங்க? நம்ம இந்தியாவுல! பெர்ஷியாவிலிருந்து வர்ற படை, ஒரு மகாராஜாவோட அரண்மனையைத் தாக்குது. மகாராஜாவோட மந்திரியே காட்டிக் கொடுக்கிறான். காலத்தைப் பின்னாடி ஓட்டுற கத்தி இளவரசன் கைக்கு வர்றது அந்த அரண்மனையிலதான். கூடவே வர்ற ஃபரா, அந்த மகாராஜாவோட பொண்ணு. கத்தி ஒரு பத்து விநாடிக்குக் காலத்தைத் திருப்பும். தவறா குதிச்சியா? பட்டனை அமுக்கு, திரும்ப மேல வா. நிஜ வாழ்க்கையில கிடைக்காத ஒண்ணு. அரியர் வெச்சவங்களுக்கு இதோட அருமை புரியும்.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, டூ த்ரோன்ஸ் முடியுற கடைசி நிமிஷம், இந்த முதல் காட்சியைத் திரும்பிப் பார்க்கும். எப்படின்னு சொல்ல மாட்டேன். சொன்னா பாவம். ஆனா முதல் பாகத்தை ஆடாதவனுக்கு அந்தக் கடைசி நிமிஷம் ஒரு சாதாரண வசனம். ஆடினவனுக்குத் தொண்டை அடைக்கும். மூணு கேமும் சேர்ந்து ஒரு வட்டம். நடுவுல புகுந்தா வட்டம் தெரியாது, வளைவுதான் தெரியும்.

நான் புகுந்த கதை

இப்ப என் கடன்.

2005. அம்பத்தூர் ஓ.டி. பக்கத்துல ஒரு மாடியில பிரவுஸிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய். ஏழெட்டு மெஷின், நடுவுல பிளைவுட் தடுப்பு. எங்க காலேஜ் செட்டுல நானும் இன்னொருத்தனும்தான் கேம் பைத்தியம். எங்க வீட்டுல கம்ப்யூட்டர் இருந்தது. அவன் வீட்டுல இல்லை. பஸ் காசை மிச்சம் பிடிச்சு, கொரட்டூர் வரைக்கும் நடந்தே போய், அந்தக் காசுல ஆடுவான்.

எனக்கு எங்கிருந்தோ ஒரு சிடி கிடைச்சது. வாரியர் விதின். அதுக்கு முன்னாடி ஒரு பாகம் இருக்குன்னுகூட தெரியாது. அதுவும் சைஸைக் குறைக்கறதுக்காக வீடியோ காட்சிகளை எல்லாம் வெட்டி எறிஞ்ச காப்பி. ஒரு கறுப்புப் பூதம் துரத்துது. ஏன் துரத்துது? தெரியாது. இளவரசன் ஏன் எல்லாரையும் பார்த்து உறுமுறான்? தெரியாது. கிட்டார் சத்தம் காதைக் கிழிக்குது, கத்தி சுழலுது, தலை உருளுது. செம! பத்து நாள்ல முடிச்சேன்.

ஒரு நாள் டீக்கடையில பேச்சு வந்தது. நான் கடைசி சண்டையைப் பத்தி அளந்துக்கிட்டிருந்தேன். "அந்த கேரக்டரை நானே வெட்டிச் சாய்ச்சேன் மச்சி, அதோட படம் முடிஞ்சுது"ன்னேன்.

அவன் டீ கிளாஸைக் கீழ வெச்சான். "இல்லையே, சாகலையே. கடைசில கூட வருவாங்களே. சண்டை அந்தப் பூதத்தோடதானே?"

"டேய், நான் முடிச்சிருக்கேன்டா."

"நானும்தான்டா முடிச்சேன். தண்ணிக்குள்ள ஒரு கத்தி கிடைக்கும்ல, அதை வெச்சு."

தண்ணிக் கத்தியா? நான் பார்த்ததே இல்லை. அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்? "எங்கடா கிடைச்சுது?"ன்னு கேட்டிருக்கணும். கேட்கலை. ஏழு பேர் சுத்தி நிக்கிற இடத்துல சிரிச்சேன். "மணிக்கு இருபது ரூபா குடுத்து ஆடுறவன் எப்படிடா முழுசா முடிப்ப? எங்கயாவது நெட்ல படிச்சுட்டு வந்து பீலா விடாதே"ன்னேன்.

அவன் ஒண்ணும் சொல்லலை. என்னைக் கூட்டிட்டு அந்த சென்டருக்குப் போனான். நாலாம் நம்பர் மெஷின். அதுலதான் அவன் சேவ் பண்ணி வெச்சிருந்தான். அதை முந்தின வாரம் ஃபார்மட் பண்ணிட்டாங்களாம். காட்டுறதுக்கு ஒண்ணும் இல்லை. நான் தோளைக் குலுக்கிட்டு வந்துட்டேன்.

அதோட பேச்சு நின்னுபோச்சு. சண்டை எல்லாம் இல்லை. ஹாய், பைதான். அதுவும் கொஞ்ச நாள்ல இல்லை.

விஷயம் இதுதான் நண்பர்களே. வாரியர் விதினுக்கு ரெண்டு முடிவு. கோட்டைக்குள்ள ஒளிச்சு வெச்ச உயிர்சக்தி ஏத்துற இடங்கள் மொத்தம் ஒன்பது. ஒவ்வொண்ணுக்கும் போற வழியில முள்ளும் ரம்பமும் வரிசை கட்டி நிக்கும். ஒன்பதையும் தேடிப் பிடிச்சவனுக்கு மட்டும் அந்தத் தண்ணிக் கத்தி. அந்தக் கத்தி இருந்தா ஒரு முடிவு. இல்லைன்னா வேற முடிவு. கேம் இதை எங்கயும் வாய் திறந்து சொல்லாது. ஒண்ணு ரெண்டு விட்டாலும், நீ முடிச்சிட்டேன்னு நினைச்சு எழுந்து போயிடுவே. எங்க ரெண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஆனா அடுத்த பாகம் தொடர்றது அவன் பார்த்த முடிவிலிருந்து. என்னோட முடிவு, அரைகுறையா ஆடினவனுக்குக் குடுத்த ஆறுதல் பரிசு.

இன்னும் கேவலம் என்னன்னா, 2005 டிசம்பர்ல டூ த்ரோன்ஸ் வந்தது. அடுத்த வருஷம் என் கைக்குக் கிடைச்சது. போட்டேன். யார் செத்தாங்கன்னு நான் சத்தியம் பண்ணேனோ, அவங்க முதல் காட்சியிலேயே உயிரோட நிக்கிறாங்க! அப்பவே புரிஞ்சுபோச்சு. உடனே அவனைத் தேடிப் போயிருக்கலாம். போகலை. கதையை மாத்திட்டாங்க போலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஈகோ, வேற என்ன?

2011-ல, வேலைக்குப் போய் சொந்தக் காசுல மெஷின் வாங்கினப்புறம், முதல் பாகத்திலிருந்து மறுபடியும் ஆடினேன். இந்தத் தடவை ஒன்பதையும் தேடினேன். அந்த ஒன்பதுக்கு எத்தனை நேரம் ஆகுதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. ஒவ்வொரு தடவை விழும்போதும் மணிக்கு இருபது ரூபாய்ங்கிற ஞாபகம் வந்தது. ஒருத்தன் கொரட்டூர் வரைக்கும் நடந்து நடந்து இதைச் சேர்த்திருக்கான். அதைத்தான் பீலான்னு சொல்லியிருக்கேன்.

நம்பர் தேடி வாங்கி போன் போட்டேன். எஸ்டேட்ல ஒரு மெஷின் ஷாப்ல சூப்பர்வைசரா இருந்தான். நான் என்னென்னமோ சொல்ல வாயைத் திறந்தேன். "தண்ணிக் கத்தி கிடைச்சுதுடா"ன்னு மட்டும்தான் வந்தது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சிரிச்சான். "எட்டாவது எங்க இருந்துச்சு, சொல்லு பார்ப்போம்?"ன்னான். நான் சொல்லச் சொல்ல, அவன் முந்திக்கிட்டு மீதியைச் சொன்னான். ஆறு வருஷம் ஆகியும் மறக்கலை.

காலத்தைத் திருப்புற கத்தி கேமுக்குள்ளதான் இருக்கு. வெளியில போன்தான் இருக்கு. அதை ஆறு வருஷம் கழிச்சு எடுத்தேன்.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்?

சேண்ட்ஸ் ஆஃப் டைம், வாரியர் விதின், டூ த்ரோன்ஸ். மூணையும் வந்த வரிசையில ஆடு. நடுவுல எதையும் சொருகாதே. ஃபர்காட்டன் சேண்ட்ஸை கடைசியில வெச்சுக்க. கல்யாண சாப்பாட்டுல பாயசம் மாதிரி.

பையன் சும்மா விடுவானா? "முதல் பாகத்துல அவ்ளோ நல்ல பையனா இருக்கிறவன், ரெண்டாவதுல திடீர்னு காட்டுமிராண்டி ஆயிடுறானாமே. நடுவுல ஒரு பாலம் வேணாமா மாமா?"

நல்ல பாயின்ட். முதல் பாகத்துலயும் மூணாவதுலயும் இளவரசனுக்குக் குரல் குடுத்தவர் யூரி லோவென்தால். ரெண்டாவதுல மட்டும் ராபின் ஆட்கின் டௌன்ஸ். குரலே மாறிப்போச்சு. முதல் பாகத்தோட கதையை எழுதினவர் ஜோர்டான் மெக்னர். ரெண்டாவதுல அவர் இல்லை. அதனால அந்த அதிர்ச்சி நிஜம்தான். ஆனா அந்த அதிர்ச்சிதான் வேணும்! தூங்கவே விடாம ஏழு வருஷம் ஒரு பூதம் துரத்தினா மனுஷன் என்ன ஆவான்கிறதுதான் ரெண்டாவது பாகமே. நடுவுல அண்ணன் ஊருக்குப் போய் ஜாலியா தண்ணியை உறைய வெச்சு ஏறி விளையாடிட்டு வந்தா, அந்த அடி உரைக்காது.

இன்னொரு காரணம், கை. 2010-ல வந்த கேம் கைக்கு வழவழன்னு இருக்கும். தண்ணியை அப்படியே கட்டியாக்கி, தூண் மாதிரி பிடிச்சுத் தாவலாம். அதுக்குப் பழகின கை, 2004 கேமுக்குத் திரும்பினா முரண்டு பிடிக்கும். கேமரா படுத்தும். பழைய கேம் மேல வீணா வெறுப்பு வரும். கரடுமுரடு ரோட்டுலேர்ந்து ஹைவேக்கு ஏறினா சுகம். ஹைவேயிலேர்ந்து இறங்கினா இடுப்பு வலிதான்.

"யூடியூப்ல முதல் ரெண்டு பாகத்தோட கதைச் சுருக்கம் பார்த்துட்டு நேரா மூணாவதுக்குப் போயிட்டா?"

கோனார் நோட்ஸ் படிச்சுட்டு பரீட்சை எழுதலாம். காதலிக்க முடியாதுடா கண்ணா!

"முதல் பாகத்தைப் புதுசா பண்றாங்கன்னு சொன்னாங்களே, அதுவரைக்கும் வெயிட் பண்ணட்டுமா?"

இதுதான் ரொம்ப வேதனையான கேள்வி. 2020 செப்டம்பர்ல அந்த ரீமேக்கை அறிவிச்சாங்க. பொறுப்பு யார்கிட்ட தெரியுமா? யுபிசாஃப்டோட புனே, மும்பை ஸ்டூடியோக்கள்கிட்ட. இந்திய அரண்மனையில ஆரம்பிக்கிற கதையை இந்தியாவுலயே திரும்பச் செய்யப்போறாங்கன்னு நான் துள்ளிக் குதிச்சேன். 2021 ஜனவரியில வரும்னாங்க. அப்புறம் மார்ச்ன்னாங்க. அப்புறம் தேதியே சொல்லலை. 2022 மே மாசம் வேலையை மாண்ட்ரியலுக்கே மாத்தினாங்க. கடைசியில 2026 ஜனவரியில கைவிட்டுட்டதா அறிவிச்சுட்டாங்க. அதனால வராத பஸ்ஸுக்கு ஸ்டாப்பிங்ல நிக்காதே. 2003 கேமே போதும். பழசுங்கிறதால இன்னிக்கு லேப்டாப்போட அகலத் திரைக்குத் தானா பொருந்தாது. ரசிகர்கள் செஞ்ச சின்னச் சின்ன ஒட்டுப்போடுற ஃபைல்கள் இருக்கு. அரை மணி நேர வேலை. கூட ஒரு கேம்பேடு வாங்கிக்க. கீபோர்டுல விரல் பின்னிக்கும்.

பதினாறு நாள் கணக்கு

முதல் பாகம் சுமார் பத்து மணி நேரம். ரெண்டாவது, ஒன்பதையும் தேடினா பதினாலு. மூணாவது பதினொண்ணு. பாயசம் ஒரு ஒன்பது. மொத்தம் நாப்பத்திநாலு. தினம் மூணு மணி நேரம்னா பதினஞ்சு நாள். மிச்சம் ஒரு நாள் இருக்கா? அதுல 1989-க்குப் போ.

ஆமாம், எல்லாத்துக்கும் மூலம் அதுதான். ஜோர்டான் மெக்னர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காகத் தனியாளா உட்கார்ந்து எழுதின கேம். 1985-ல தன் தம்பியை ஓட விட்டு, குதிக்க விட்டு, வீடியோ எடுத்தார். அதை ஃப்ரேம் ஃப்ரேமா பார்த்து வரைஞ்சதுதான் இளவரசனோட ஓட்டம். அதனாலதான் அந்தக் குட்டி பொம்மை விளிம்புல தொங்கும்போது நமக்கு வயித்தைக் கலக்குது. மெமரியில புது எதிரிக்கு இடமே இல்லை. அதே இளவரசன் படத்தையே கொஞ்சம் மாத்தி ஒரு நிழல் மனுஷனை உருவாக்கினார். கண்ணாடிக்குள்ள பாய்ஞ்சா அவன் பிரிஞ்சு வருவான். உன்கிட்டயே திருடுவான், உன்னையே தள்ளி விடுவான். கடைசியில அவனோட கத்திச் சண்டை போட்டா, அவனுக்கு விழுற ஒவ்வொரு அடியும் உனக்கும் விழும். ஜெயிக்க ஒரே வழி, கத்தியை உறையில போடுறது. இந்தக் கேம் எனக்கு முதல்லயே தெரிஞ்சிருந்தா, டீக்கடையில கொஞ்சம் வாயை மூடியிருப்பேனோ என்னமோ!

மொத்த ஆட்டத்துக்கும் அறுபது நிமிஷம்தான் கெடு. அதனால ஒரு நாள் தாராளம். இதை முதல்லயும் ஆடலாம், கடைசியிலயும் ஆடலாம். 2003 கதையோட இதுக்குச் சம்பந்தம் இல்லை. அதே மாதிரி 2008-ல வந்த எலிகா கதை தனி. 2024-ல வந்த லாஸ்ட் கிரவுனும் தனி, அதுல நாயகன் இளவரசனே இல்லை, சர்கோன்னு ஒரு வீரன். இதையெல்லாம் எப்ப வேணும்னாலும் ஆடலாம். வரிசைக் கவலையே வேண்டாம்.

வேற எந்தத் தொடரா இருந்தாலும்…

மூணே மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு: கதை நிஜமாவே தொடருதா, பேர் மட்டும்தான் தொடருதா? பேர் மட்டும்னா எது பிடிக்குதோ அதுல குதிங்க.

ரெண்டு: செஞ்சவங்க, உங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்னு நினைச்சு செஞ்சாங்க? உதாரணத்துக்கு, 2022-ல வந்த ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட். அது 1991-ல வந்த ரெண்டாம் பாகத்தோட கடைசிக் காட்சியிலிருந்து ஆரம்பிக்குது. முப்பத்தொரு வருஷம் கழிச்சு! அந்த முடிவைப் பார்க்காதவனுக்கு இந்த ஆரம்பம் ஒண்ணுமே இல்லை.

மூணு: எந்த வரிசையில போனா கை நோகாது? டூம் ரைடர் மூணாவது பாகத்தையே எடுத்துக்கங்க, 1998. அதுவும் இந்தியாவுலதான் ஆரம்பிக்கும், காடு, கோயில், கங்கைன்னு. முடிச்சதும் நெவாடா, லண்டன், தென் பசிபிக் மூணுல எதுக்கு வேணும்னாலும் போன்னு விட்டுடுவாங்க. ஆனா நெவாடாவுல உங்களைப் பிடிச்சு உள்ள போட்டு, சேர்த்த ஆயுதத்தை எல்லாம் பிடுங்கிடுவாங்க. விவரம் தெரிஞ்சவன் அங்கதான் முதல்ல போவான். அப்பத்தான் இழக்கறதுக்கு அதிகம் இருக்காது.

இதையெல்லாம் சொல்லி முடிச்சு மூச்சு வாங்கினேன். மணி ஏழே கால். பையன் கொஞ்ச நேரம் பேசலை.

"மாமா, ஒரு டவுட்டு. எங்க ஹாஸ்டல்ல ஒருத்தன் வாரியர் விதின் முடிச்சுட்டான். கடைசில அந்த கேரக்டர் செத்துடும்னு சொன்னான். நான் நெட்ல வேற மாதிரி கேள்விப்பட்டேன். அவன்கிட்ட, நீ பொய் சொல்றடான்னு நேத்து சொல்லிட்டேன்."

எனக்குத் தூக்கம் சுத்தமா போயிடுச்சு.

"கண்ணா, முதல் பாகம் அப்புறம் ஆரம்பிக்கலாம். முதல்ல அவனுக்குப் போன் போடு. எத்தனை எடுத்தேன்னு கேளு. ஒன்பதும் எடுத்தியான்னு கேளு. கேட்கிறதோட நிறுத்து."

"இப்பவேவா? ஞாயித்துக்கிழமை மாமா, தூங்கிட்டிருப்பான்."

"என்னை எழுப்பினே இல்ல? அவனையும் எழுப்பு!"

பத்து நிமிஷத்துல மெசேஜ் வந்தது. 'ஏழுதான் எடுத்தானாம். லீவுல எங்க வீட்டுக்கு வர்றான். முதல் பாகத்திலேர்ந்து ரெண்டு பேரும் சேர்ந்து ஆடப் போறோம்.'

வரிசைன்னா இதுதாம்பா வரிசை. அடுத்த வாரம் பார்ப்போம்!